ஓரக்கண்

அக்கா: அந்தச் செல்போனை அணைன்னு எத்தனை தடவைடா சொல்றது?

தம்பி: அணைச்சா நடக்கறது எப்படி? மொட்டை மாடி பூரா உங்கப்பாவா விளக்கு போட்டு வெச்சிருக்கார்?

அக்கா: எங்கப்பா உனக்கும் அப்பாதான். அணை. வெளிச்சம் பட்டா கண்ணு இருட்டுக்குப் பழகாது. மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

தம்பி: சரி, அணைச்சாச்சு. எங்க இருக்கே நீ?

அக்கா: நேரா வா. டெலஸ்கோப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கேன். பார்த்து... என்ன சத்தம்?

தம்பி: வாளி. எவன் இதை நடுவழியில வெச்சது?

அக்கா: அது ரெண்டு வருஷமா அங்கதான் இருக்கு. ஓரமாத்தான் இருக்கு.

தம்பி: ஓரமா இருந்தா என் கால்ல ஏன் இடிக்குது?

அக்கா: கட்டு போட்ட முட்டியிலயா பட்டுது?

தம்பி: ஆமா. நல்லா தேடி வந்து அதுலயே பட்டுது.

அக்கா: அந்தக் கட்டு எப்படி வந்துச்சுன்னு நீ இன்னும் சொல்லலை.

தம்பி: லிஃப்ட் குழிக்குள்ள இறங்கும்போது கம்பி இடிச்சிடுச்சு. உள்ள லைட்டு சரியில்லை. லிஃப்ட் மெக்கானிக்குன்னா இதெல்லாம் சகஜம். பேச்சை மாத்தாதே. நான் எதுக்கு மேல வந்தேன்னு உனக்குத் தெரியும்.

அக்கா: தெரியும். ஸ்கூட்டர் சாவிக்கு.

தம்பி: சாவிக்கு மட்டும் இல்லை.

அக்கா: கண் டாக்டருக்கும். தெரியும்டா. மூணு நாளா இதையேதானே பாடிக்கிட்டிருக்கே.

தம்பி: பாடாம? நின்னுட்டிருந்த இரும்பு கேட்டுல போய் வண்டியை விட்டிருக்கே. பின்னாடி என் பொண்ணு உட்கார்ந்திருந்தா. முழங்கை பூரா தோல் உரிஞ்சு போச்சு.

அக்கா: நானும்தானே விழுந்தேன். எனக்கு வலிக்கலையா?

தம்பி: கேட்டு என்ன, குறுக்க ஓடி வந்துச்சா?

அக்கா: அந்திநேரம்... ஒரு கதவு திறந்திருந்துச்சு. சரியா கவனிக்கலை.

தம்பி: அதைத்தான் நானும் சொல்றேன். போன மாசம் அடுப்படியில தண்ணிச் சொம்பு. அதுக்கு முன்னாடி மாடிப்படியில கடைசிப் படி. கண்ணு தெரியலைன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கோ. பரிசோதனை பண்ணிட்டு வந்துடலாம். அதுக்கு என்ன வீம்பு?

அக்கா: கண்ணு தெரியாதவ நாள் பூரா பல் செட் செய்வாளா? இன்னிக்கு மட்டும் எத்தனை பேருக்குப் பல் நிறம் பார்த்துக் கொடுத்திருக்கேன் தெரியுமா? ஒரு வெள்ளைக்கும் இன்னொரு வெள்ளைக்கும் உனக்கு வித்தியாசம் தெரியுமா?

தம்பி: பல்லு உன் மேஜை மேல உட்கார்ந்திருக்கு. லைட்டைப் போட்டு மூக்குக்கு நேரா வெச்சுப் பார்க்கறே. கேட்டு அப்படியா?

அக்கா: அதுக்குத்தானே பந்தயம் வெச்சேன். ஒத்துக்கிட்டு மேல வந்துட்டு இப்ப என்ன வழக்காடறே?

தம்பி: மறுபடி ஒரு தடவை சொல்லு. அப்புறம் மாத்திப் பேசக் கூடாது.

அக்கா: மிதுனத்துல அஞ்சு கொத்து. நட்சத்திரக் கொத்து. முதல் ஒண்ணு சுலபம். போகப் போக மங்கல். கடைசி ஒண்ணு இருக்கா இல்லையான்னே சந்தேகம் வரும். அஞ்சையும் நான் பார்த்துச் சொல்லிட்டா சாவி என்கிட்ட இருக்கும், டாக்டர் பேச்சை நீ எடுக்கக் கூடாது. ஒண்ணு தவறினாலும் சாவி உனக்கு. நாளைக்குக் காலைல நீ கூப்பிடற டாக்டர்கிட்ட நான் வாயைத் திறக்காம வர்றேன்.

தம்பி: நீ பார்த்தியா, பார்த்த மாதிரி கதை விடறியான்னு எனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: அதனாலதான் நீ முதல்ல பார்க்கணும். பார்த்ததைச் சொல்லணும். அப்புறம் நான்.

தம்பி: பரீட்சை உனக்கா, எனக்கா?

அக்கா: விடைத்தாள் திருத்தறவனுக்கு விடை தெரிய வேண்டாமா? வா. ஸ்டூல்ல உட்காரு. இந்த ரிமோட்டைப் பிடி. மேல பாரு, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பெரிய நட்சத்திரம் தெரியுதா?

தம்பி: தெரியுது. ஒண்ணு கொஞ்சம் மஞ்சளா இருக்கு.

அக்கா: அதுதான். மிதுனத்தோட ரெண்டு தலை. அந்த மஞ்சளை நடுவுக்குக் கொண்டு வா. அதுக்கப்புறம் ஒவ்வொரு கொத்துக்கும் இருக்கிற நம்பரைப் போட்டா மோட்டாரே திருப்பிக்கும்.

தம்பி: நீ கொண்டு வாயேன். எனக்கு இந்த எழவெல்லாம் தெரியாது.

அக்கா: லிஃப்டையே நிறுத்தறவனுக்கு இது தெரியாதா? அம்புக்குறியை அமுக்குடா.

தம்பி: ...வந்துடுச்சு. அடேயப்பா, கண்ணு கூசுது.

அக்கா: நடுவுலயா?

தம்பி: நட்டநடுவுல.

அக்கா: சரி. இப்ப நான் சொல்ற நம்பரைப் போடு. முப்பத்தஞ்சு.

தம்பி: போட்டாச்சு. சுத்துது... நின்னுடுச்சு.

அக்கா: பாரு. ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சுக்கோ. ஒண்ணை மூடினா இன்னொண்ணும் சுருங்கும்.

தம்பி: அட.

அக்கா: என்ன அட?

தம்பி: நிறைய இருக்கே. சர்க்கரை டப்பா கவுந்த மாதிரி.

அக்கா: எத்தனை இருக்கும்?

தம்பி: எண்ணணுமா?

அக்கா: தோராயமா சொல்லு.

தம்பி: முப்பது, நாப்பது... ஒரு வரிசை வளைஞ்சு போகுது. நல்லாத்தான் இருக்கு. இதைப் பார்க்கத்தான் தினமும் சோத்தைக் கூட ஒழுங்கா சாப்பிடாம மேல ஓடி வர்றியா?

அக்கா: நகரு. நான் பார்க்கிறேன்... ம். அந்த வளைஞ்ச வரிசையோட நுனியில கொஞ்சம் செவப்பா ஒண்ணு. மத்ததெல்லாம் நீலம் கலந்த வெள்ளை. சரியா?

தம்பி: நிறமெல்லாம் நான் பார்க்கலை. சரின்னு வெச்சுக்கோ. ஒண்ணு.

அக்கா: ஒண்ணு. இப்ப ரெண்டாவது. இதுக்கு மோட்டார் வேண்டாம். இதே கொத்துக்குப் பக்கத்துல, கீழ் ஓரத்துல, இன்னொண்ணு ஒளிஞ்சிட்டிருக்கு. பெரியவனோட நிழல்ல நிக்கிற சின்னவன் மாதிரி. பாரு.

தம்பி: ...ஒண்ணுமில்லையே.

அக்கா: நேரா பார்த்தா இருக்காது. அது இருக்கிற இடத்தைப் பார்க்காதே. கொஞ்சம் தள்ளி வேற எங்கயோ பார்க்கிற மாதிரி பாரு. ஓரக்கண்ணால.

தம்பி: ஓரக்கண்ணாலயா?

அக்கா: மங்கலானது எல்லாம் அப்படித்தான் தெரியும். கண்ணோட நடுப்பகுதிக்கு இருட்டுல சாமர்த்தியம் கிடையாது. ஓரத்துக்குத்தான் உண்டு.

தம்பி: இது எந்த ஊரு நியாயம்? பார்க்கணும்னா பார்க்காதேங்கறே.

அக்கா: கல்யாணத்துக்கு முன்னாடி பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு உனக்கு இது நல்லாவே வந்துச்சே. யாரும் சொல்லிக் கொடுக்கலையே.

தம்பி: அவ காதுல விழப் போகுது. கீழதான் இருக்கா.

அக்கா: விழட்டும். அவளுக்குத் தெரியாததா? பாருடா.

தம்பி: ...

அக்கா: என்ன?

தம்பி: இரு, உயிரை வாங்காதே... ம், ஏதோ இருக்கு. ஊதிவிட்ட புகை மாதிரி. இருந்து இருந்து மறையுது.

அக்கா: அதேதான். அதேதான்டா. வந்து வந்து போகுதா?

தம்பி: ஆமாங்கறேனே. நீ ஏன் இவ்வளவு சந்தோஷப்படறே? உன் முறை. பாரு.

அக்கா: பார்த்துட்டேன். புகை. உள்ளுக்குள்ள பொடியா ரெண்டு மூணு.

தம்பி: இப்பதான் கண்ணை வெச்சே. அதுக்குள்ளயா?

அக்கா: பழகின கண்ணு.

தம்பி: எனக்கு என்னமோ நீ ஒப்பிக்கிற மாதிரி இருக்கு.

அக்கா: பல வருஷமா பார்க்கிறேன். மனப்பாடமும் ஆயிருக்கும். அதுக்காகப் பார்க்கலைன்னு ஆகிடுமா? ரெண்டு. அடுத்த நம்பரைப் போடு. ரெண்டு ரெண்டு ஆறு ஆறு.

தம்பி: ஊர்ல எல்லா அக்காவும் இந்நேரத்துக்கு டிவி பார்த்துக்கிட்டு நிம்மதியா உட்கார்ந்திருக்காங்க. என் தலையெழுத்து... போட்டாச்சு.

அக்கா: இது முக்கோணம். சின்னது. ஒரு முனையில கொஞ்சம் பெரிய நட்சத்திரம் ஒண்ணு. மத்தது எல்லாம் மாவு தூவின மாதிரி. பாரு.

தம்பி: ஒரு நட்சத்திரம் நல்லாத் தெரியுது.

அக்கா: அதுதான் முனை. அங்கேர்ந்து விரிஞ்சு போகும். தெரியுதா?

தம்பி: இரு...

அக்கா: அந்தப் பெரியதைப் பார்க்காதே. அதுக்கு வெளிய பாரு.

தம்பி: வெளிய பார்த்தா வெளிய இருக்கிறதுதானே தெரியும்? மண்டை காயுது.

அக்கா: மூச்சை அடக்காதே. சாதாரணமா இரு. அவசரமே இல்லை.

தம்பி: உனக்கு இல்லை. எனக்குப் பசிக்குது. கீழ சோறு ஆறிக்கிட்டிருக்கு.

அக்கா: முக்கோணம் தெரியுதா தெரியலையா?

தம்பி: ம்... ம். ஆமா. தெரியுது.

அக்கா: நிஜமா?

தம்பி: ஆமா ஆமா. மாவு தூவின மாதிரி. முக்கோணமா. போதுமா?

அக்கா: போதும். ரொம்பப் போதும். நகரு... ஆமா. இருக்கு. மூணு.

தம்பி: நீ கண்ணை வெச்சியா, இல்லை சும்மா குனிஞ்சு நிமிர்ந்தியா?

அக்கா: என் இடுப்பு வலி எனக்குத்தான் தெரியும். நாலாவது நம்பர் போடு. ரெண்டு நாலு ரெண்டு பூஜ்யம். இது உப்பு. கறுப்புத் துணியில பொடி உப்பு சிந்தின மாதிரி, பத்துப் பன்னெண்டு புள்ளி இருக்கும். அதுக்குப் பின்னாடி லேசா ஒரு மங்கல்.

தம்பி: நீயே எல்லாத்தையும் முன்னாடி சொல்லிடறே. அப்புறம் நான் எதுக்குப் பார்க்கணும்?

அக்கா: எங்க தேடறதுன்னு தெரிய வேண்டாமா?

தம்பி: அப்பா இருந்திருந்தா இந்தக் கூத்தே இல்லை. பொழுது சாஞ்சா வாசல்படி தாண்ட மாட்டார். உன்னையும் தாண்ட விட்டிருக்க மாட்டார்.

அக்கா: ...ஆமா. தாண்ட மாட்டார்.

தம்பி: அம்மா கடைக்குப் போகச் சொன்னாக்கூட, விடிஞ்சதும் போறேன்பார். சோம்பேறின்னு அம்மா திட்டுவாங்களே.

அக்கா: பாருடா. உப்பு தெரியுதா?

தம்பி: பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்.

அக்கா: கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாரு.

தம்பி: தெரியுது.

அக்கா: எத்தனை?

தம்பி: பத்து... பன்னெண்டு. உப்பு மாதிரி.

அக்கா: பின்னாடி மங்கல்?

தம்பி: இருக்கு, இருக்கு. எல்லாம் இருக்கு. அடுத்ததுக்குப் போ தாயே.

அக்கா: இரு, நான் பார்க்க வேண்டாமா? ம். நாலு. பார்த்தியா? இன்னும் ஒண்ணுதான்.

தம்பி மனைவி: என்னங்க... அண்ணி... ரெண்டு பேரும் சாப்பிட வர்றதா உத்தேசம் இல்லையா?

தம்பி: இதோ வந்துட்டோம். நீ எதுக்கு மேல ஏறி வந்தே?

தம்பி மனைவி: கொடியில துணி கிடக்கு. எடுக்க வேண்டாமா? மேல பார்த்தீங்களா, இல்லையா? நான் சமையல் ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டுதான்...

தம்பி: பார்த்தேன், பார்த்தேன். நீ கீழ போ.

தம்பி மனைவி: பார்த்துட்டும் உட்கார்ந்திருந்தா எப்படி? இப்ப எதுக்கு வாயில விரலை வைக்கிறீங்க?

தம்பி: துணியை நான் எடுத்துட்டு வர்றேன். போம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்.

தம்பி மனைவி: என்னமோ பண்ணுங்க. இந்த வீட்டுல பொறந்தவங்களுக்கும் எனக்கும் ஒத்தே வராது. அண்ணி, நீங்களாவது சீக்கிரம் இறங்கி வாங்க. படியில விளக்கு போட்டு வெச்சிருக்கேன். பார்த்து.

அக்கா: வர்றேன்மா. ஒண்ணே ஒண்ணு பாக்கி... என்னடா அவ சொன்னது? மேல என்ன?

தம்பி: ஒண்ணுமில்லை. கொடி அறுந்திடுமாம். ஈரத் துணி கனம். நீ நம்பரைச் சொல்லு.

அக்கா: ரெண்டு மூணு பூஜ்யம் நாலு. இதுதான் இருக்கறதுலயே கஷ்டம். நிதானமாப் பாரு.

தம்பி: போட்டாச்சு. திரும்பிடுச்சு. பார்க்கிறேன்.

அக்கா: என்ன தெரியுது?

தம்பி: ஒண்ணும் தெரியலை.

அக்கா: ஓரக்கண்ணால பாரு.

தம்பி: எல்லாக் கண்ணாலயும் பார்த்துட்டேன். ஒண்ணும் இல்லை.

அக்கா: ஒண்ணும்னா... சுத்தி ஒண்ணு ரெண்டு சாதா நட்சத்திரமாவது இருக்குமே?

தம்பி: இல்லை.

அக்கா: ஒண்ணு கூடவா?

தம்பி: ஒண்ணு கூட இல்லை. நீ பாரேன். உனக்குத் தெரிஞ்சா சொல்லு.

அக்கா: நகரு... இருக்கே.

தம்பி: இருக்கா?

அக்கா: இருக்கு. நல்லா... லேசா, சின்னதா, ஏழெட்டு புள்ளி. இடது பக்கம் கொஞ்சம் நெருக்கமா.

தம்பி: தெளிவாத் தெரியுதா?

அக்கா: தெரியுதுங்கறேனே. நீ மறுபடி பாரு.

தம்பி: எதுக்கு? நீதான் பார்த்துட்டியே. அஞ்சும் ஆச்சு. பந்தயம் உனக்கு.

அக்கா: பந்தயம் கிடக்கட்டும். நீ பாரு.

தம்பி: என்னது?

அக்கா: பாருடான்னா. உட்காரு. கண்ணைத் துடைச்சுக்கோ. கொஞ்ச நேரம் மூடி வெச்சுட்டுத் திற.

தம்பி: அக்கா, உனக்கு என்ன ஆச்சு? நீ ஜெயிச்சுட்டே. சாவியை வெச்சுக்கிட்டு நிம்மதியா இருக்க வேண்டியதுதானே. எனக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன?

அக்கா: நாலாவது தெரிஞ்சுதுல்ல? அதுக்கும் இதுக்கும் ரொம்ப வித்தியாசம் கிடையாது. அது தெரிஞ்சவனுக்கு இதுல ஒரு புள்ளியாவது தெரியணும்.

தம்பி: தெரியலைன்னா தெரியலைதான்.

அக்கா: செல்போனை எடுத்தியா நடுவுல? வெளிச்சம் பட்டுதா?

தம்பி: இல்லை.

அக்கா: அவ மேல வந்தப்போ படி விளக்கைப் பார்த்துட்டியோ? அதுதான். அதனாலதான். கண்ணு மறுபடி பழகணும். இப்படி வா. என் முந்தானையை முகத்து மேல போட்டுக்கோ.

தம்பி: விடு. இது என்ன கொடுமை. நான் என்ன பச்சைக் குழந்தையா?

அக்கா: போட்டுக்கோடா, சொன்னாக் கேளு. இப்பப் பாரு. மெதுவா... ஏதாவது?

தம்பி: கறுப்பு.

அக்கா: ஓரத்துல?

தம்பி: ஓரத்துலயும் கறுப்பு.

அக்கா: இன்னொரு தடவை. ஒரே ஒரு தடவை. உன் காலைப் பிடிக்கிறேன்.

தம்பி: நீ அழறியா?

அக்கா: இல்லை. சளி. பாரு.

தம்பி: சளியாவது மண்ணாவது. போதும்க்கா. சத்தியமா எனக்குப் பொறுமை போயிடுச்சு. நான் ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. இந்த அஞ்சாவது கொத்தை நீ இப்ப பார்த்தியா?

அக்கா: பார்த்தேன்.

தம்பி: உன் கண்ணால? இப்ப?

அக்கா: அதான் சொன்னேனே... ஏழெட்டு புள்ளி.

தம்பி: என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு.

அக்கா: உன் தலையில எல்லாம் நான்... எதுக்குடா அது?

தம்பி: அக்கா. வானம் மூடி ரொம்ப நேரம் ஆச்சு.

அக்கா: என்ன?

தம்பி: மேகம். நாலாவது முடிச்சு நிமிர்ந்தேன், அந்த ரெண்டு தலையையும் காணோம். மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை. இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் போர்வை போட்ட மாதிரி மேகம். அவ அதைச் சொல்லத்தான் மேல வந்தா. நான்தான் வாயை மூட வெச்சேன். நீ என்ன செய்யறேன்னு பார்க்கலாம்னு. நீ மேகத்துக்குள்ள ஏழெட்டு புள்ளி எண்ணிக்கிட்டிருக்கே. இப்ப என்ன சொல்றே? இன்னும் வீம்பா? சாவியைக் கொடு.

அக்கா: மேகமா?

தம்பி: மேகம்.

அக்கா: நிஜமா மேகம்தானா? என்னை ஏமாத்தலையே நீ?

தம்பி: ஏமாத்தினது யாரு, நானா? கையை நீட்டு. தூறல் விழுது பாரு.

அக்கா: ஆமா... ஆமாடா. தூறல்தான். அப்ப மேகம்தான். அதனாலதான் உனக்குத் தெரியலை.

தம்பி: எதுக்கு சிரிக்கிறே? மாட்டிக்கிட்டவ சிரிப்பாளா?

அக்கா: நான் மாட்டிக்கிட்டா மாட்டிக்கிட்டுப் போறேன். எனக்கு உயிரே போயிட்டு வந்துச்சுடா.

தம்பி: எனக்கு ஒண்ணும் புரியலை. முதல்ல சாவி.

அக்கா: சாவி கீழ வாசல் ஆணியில தொங்குது. சாயங்காலமே மாட்டிட்டேன். நீதான் பார்க்கலை.

தம்பி: சாயங்காலமேவா? அப்ப பந்தயம் எதுக்கு?

அக்கா: உன்னை இந்த ஸ்டூல்ல உட்கார வைக்க.

தம்பி: அக்கா...

அக்கா: டாக்டர்கிட்ட நான் போயிட்டு வந்துட்டேன். கேட்டுல இடிச்ச மறுநாளே. பாப்பாவோட கைக்கு மருந்து போட்டுவிட்டுட்டு நேரா அங்கதான் போனேன். எனக்கு இருட்டுல ஒண்ணும் தெரியாது. இந்த டெலஸ்கோப்ல எதையும் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. பகல்ல நேரா இருக்கிறது தெரியும். பல்லு தெரியும். ஓரம்தான் போயிடுச்சு. அந்த இருட்டு கொஞ்சம் கொஞ்சமா உள்ள நெருங்கி வரும்னார்.

தம்பி: மருந்து?

அக்கா: இப்போதைக்கு இல்லையாம்.

தம்பி: இதை என்கிட்ட சொல்லாம... மூணு நாளா என்னைக் கத்த விட்டுட்டு...

அக்கா: இன்னும் முடிக்கலை. கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டார். இது குடும்பத்துல வர்றதாம். அப்பா பொழுது சாஞ்சா வெளிய வர மாட்டார்னு சொன்னேன். தலையை ஆட்டினார். சோம்பேறின்னு நினைச்சுட்டோமே, அவரும் பாவம், ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கலை. தம்பியைக் கூட்டிட்டு வாங்கன்னார். உன்னை எப்படிடா கூப்பிடறது? ஊசின்னாலே காத தூரம் ஓடறவன் நீ. ஒண்ணும் இல்லாததுக்கு உன்னைப் பயமுறுத்தி வைக்கவும் மனசு இல்லை. நீ இறங்கறது லிஃப்ட் குழி. அந்த முட்டிக் கட்டைப் பார்த்ததிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லை. அப்பதான் தோணுச்சு. இது என்ன கண்ணுன்னு சொல்ல எனக்கு டாக்டர் வேணுமா? மிதுனம் போதாதா? மங்கலா இருக்கிறதை ஓரக்கண்ணால பிடிச்சுட்டான்னா என் தம்பிக்கு ஒண்ணும் இல்லை.

தம்பி: அதுக்குத்தான் ஒவ்வொண்ணுக்கும் என்னை முதல்ல பார்க்க வெச்சியா?

அக்கா: பின்னே? எனக்கு எது தெரிஞ்சு நான் முதல்ல பார்க்கிறது? அஞ்சாவதுல நீ ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லைன்னு சொல்லச் சொல்ல எனக்கு உன் லிஃப்ட் குழிதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. கடைசியில பார்த்தா மேகமாம். நாசமாப் போற மேகம். அதைக் கும்பிடலாம் போல இருக்கு.

தம்பி: தூறல் பெருசாகுது. டெலஸ்கோப் நனையும்.

அக்கா: அந்தத் தார்ப்பாயை எடுத்து மூடு. எனக்கு நனைஞ்சாலும் கவலை இல்லை. நாலு கொத்து பார்த்துட்டே. முக்கோணம் பார்த்தே, உப்பு பார்த்தே. அந்த உப்பைப் பார்க்க நல்ல கண்ணே திணறும். எனக்கு அது போதும்டா. நாளைக்கு டாக்டர்கிட்ட நான் மட்டும் போய்ச் சொல்லிடறேன். நீ ராஜா மாதிரி வேலைக்குப் போ... என்ன, துணியை எடுக்கறியா?

தம்பி: அக்கா, நாளைக்கு நானும் வர்றேன்.

அக்கா: எதுக்கு, துணைக்கா? ஸ்கூட்டரைத்தான் பிடுங்கிட்டே. நான் பஸ்ல போய்க்கிறேன். நீ லீவு போட வேண்டாம்.

தம்பி: துணைக்கு இல்லை.

அக்கா: பின்னே?

தம்பி: அந்த மூணாவதும் நாலாவதும்... சோறு ஆறுதே, நீ விடமாட்டியேன்னு சும்மா தெரியுதுன்னு சொல்லிட்டேன்க்கா. மாவு, உப்பு, பத்துப் பன்னெண்டு, எல்லாம் நீ சொன்னதைத்தான் உனக்கே திருப்பிச் சொன்னேன். அப்ப மேகமே வரலை.